கரடி போகும் வரைக்கும்

எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கணும். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதுவும் மழைக்காலத்தில் வாத்தியார் மலை ஏறி வந்தால்தான் பள்ளிக்கூடம். எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது, அதை எழுதி முடிப்பதற்குள் வேறொன்று வந்து நிற்கிறது. முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

என் ஓரகத்தியைப் பற்றி எழுதப் போகிறேன். என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. பேரை எழுதவில்லை. பேரை எழுதிவிட்டால் அதற்கு மேல் கை ஓடாது.

அவளுக்கு சும்மா இருக்கத் தெரியாது. அவ்வளவுதான் அவள். கல்யாணத்தன்றைக்கு மணையில் உட்கார வைத்திருக்கிறோம். பந்தல் காலில் கட்டிய மாவிலையை ஒரு ஆடு வந்து இழுத்துத் தின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கல்யாணப் பெண் எழுந்து, கூரைப்புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த ஆட்டைத் தெருமுனை வரைக்கும் விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம்தான் தாலி கட்டினது. என் மாமியாருக்கு வந்ததே கோபம்.

"எம் புள்ளைக்குப் பொண்ணு பாக்கச் சொன்னா, காலுல சக்கரம் கட்டினத இட்டுக்கினு வந்துட்டீங்களே!"

"நிக்கிற காலுக்குத்தான் அத்த வலி. நடக்கிற காலுக்கு இன்னா?" என்றாள் அவள். மாலை கழுத்தில் இருக்கிறது, அப்போதே பதில்.

கடைசி வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நிக்கிற காலுக்குத்தான் வலி என்று. சாமை புடைத்து முடித்தால் புளி கொட்டை எடுப்பாள். புளி இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய்ப் புல் எடுத்துக் கொடுப்பாள். மத்தியானத்தில் கொஞ்சம் கண் அசந்தால்கூட இடது கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும், மாடு காதை ஆட்டுகிற மாதிரி. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதையே பார்ப்பேன். இவள் தூங்கினாலும் விரல் தூங்காதா என்று நினைப்பேன்.

எங்கள் ஊருக்கு பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் ஜீப்புதான். சந்தை நாளில் ஜீப்புக்குள் ஆள் மேல் ஆள், மூட்டை மேல் மூட்டை. மூக்கு அரித்தால் சொறியக் கையை எடுக்க முடியாது. அவள் உள்ளே உட்காரவே மாட்டாள். பின்னால் இரும்புப் படியில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு வருவாள்.

"யக்கோவ், எவனாச்சும் பாத்தா எனக்குத்தான் பேஜாரு. உள்ள வந்து குந்து" என்று டிரைவர் கத்துவார்.

"உள்ள குந்துனா மூச்சு நின்னுடும் எனக்கு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அப்படிப்பட்டவள் ஒருநாள் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள், முறம் கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டாள். சாமை ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டுகிறது. அவள் பார்க்கவில்லை. நான் கிண்டலாகக் கேட்டேன், "இன்னாடி, சாமி வந்துட்சா?" என்று. அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடையதோ என்கிற மாதிரி.

"யக்கா, கை எங்கூட வரமாட்டேங்குது" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. சிரித்தாள். கொட்டின சாமையை வாரினாள். எனக்கு மட்டும் அன்றைக்கு சோறு இறங்கவில்லை. அவள் ஓடி ஓடி விழுந்து காலை உடைத்துக்கொண்டு வந்திருந்தால்கூட நான் பயந்திருக்க மாட்டேன். அவள் சும்மா நின்றதைப் பார்த்துப் பயந்தேன்.

அப்புறம் விடிந்தால் தலைவலி, வாந்தி. ஒருநாள் குழாயடியில் வலிப்பு வந்து குடத்தோடு விழுந்தாள். காத்து கருப்பு பட்டிருக்கிறது என்றார்கள், மந்திரித்த கயிறு கட்டினோம். கயிறு கட்டின பிறகும் வலிப்பு வந்தது. ஜீப் வைத்துக் கீழே டவுனுக்குக் கொண்டுபோனோம், பெரிய ஆஸ்பத்திரிக்கு. அவள் உள்ளே படுத்துக்கொண்டு வந்தாள். படியில் யாரும் தொங்கவில்லை. 

தலைக்குள் கட்டி என்றார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்துப் பேசினார். நான், அவள், அவள் புருஷனான என் கொழுந்தன் மூன்று பேரும்தான் போயிருந்தோம். கட்டியில் பல ஜாதி இருக்கிறதாம். மெதுவாக வளர்வது ஒன்று, வேகமாக வளர்வது ஒன்று. மெதுவானதாக இருந்தால் நின்று யோசித்து, மாத்திரை கொடுத்து, அடிக்கடி படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வேகமானதாக இருந்தால் தள்ளிப்போடக் கூடாது, மண்டையைத் திறந்தாக வேண்டும். ஆனால் கட்டி இருக்கிற இடம், வலது கையையும் காலையும் நடத்துகிற இடத்தை ஒட்டி இருக்கிறது. கத்தி வைத்தால் கால் போனாலும் போகலாம்.

"காலா?" என்று அவள் கேட்டாள். உயிரைப் பற்றி அவள் கேட்கவில்லை.

அதனால் என்ன ஜாதி என்று முதலில் ஒரு குறிப்பு தெரிய வேண்டும், அதற்கு ஒரு படம் இருக்கிறது என்றார். பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து எடுக்கிற ஸ்கேன்தான், அதிலேயே தண்ணீரைப் பார்க்கிற படம் ஒன்று. டிஃப்யூஷன் என்று பேர் சொன்னார். மூளைக்குள் எங்கே பார்த்தாலும் தண்ணீர் பொடிப்பொடியாக அசைந்துகொண்டே இருக்குமாம். அந்த அசைவைப் படம் பிடிப்பார்களாம்.

"பஸ்ல கூட்டம் இல்லன்னா முன்னாடி பின்னாடி நடக்கலாம் இல்லம்மா? நெரிசலா இருந்தா ஒரு அடி நகர முடியாது. அதே மாதிரிதான். கட்டி வேகமா வளர்ற இடத்துல அணுவெல்லாம் நெருக்கியடிச்சி இருக்கும். நடுவுல இருக்கற தண்ணி நகர முடியாது. நகராத இடம் படத்துல தெரியும்."

அவள் உடனே கேட்டாள். "அப்ப எந் தலைக்குள்ள சந்த நாள் ஜீப்பு ஓடுதா டாக்டரு?"

டாக்டர் சிரித்துவிட்டார். "ஓடுதா, காலியா நிக்குதான்னு பாக்கத்தாம்மா படம்."

வெளியே வந்ததும் என் கொழுந்தன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "காலியா இருக்கணும் அண்ணி. காலியா இருக்கணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் உள்ளுக்குள் அதையேதான் சொன்னேன். எங்கள் குலசாமிக்கு ஜீப் என்றால் என்னவென்று புரியுமோ புரியாதோ, ஜீப் காலியாக இருக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

முதல் தடவை படம் கெட்டுப்போனது.

எப்படிக் கெடாமல் இருக்கும்? அந்தக் குழாய்க்குள் தலையை வைத்து, தலைக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றைப் போட்டு, அசையாதே என்றால் அவள் என்ன செய்வாள்? வெளியே இருந்த எனக்கே கதவைத் தாண்டிச் சத்தம் கேட்டது, கல் உடைக்கிற மிஷின் மாதிரி. ஸ்கேன் எடுக்கிற பெண் சின்ன வயசு, பொறுமையான பெண். வெளியே வந்து உதட்டைப் பிதுக்கியது.

"தலைய ஆட்டிட்டே இருக்காங்கம்மா. படம் எல்லாம் கலங்கிப்போய்டுச்சி. முக்கியமா அந்தத் தண்ணிப் படம் ஒண்ணும் புரியல."

"நான் எங்க ஆட்டுனேன்? அதுவா ஆடுது" என்றாள் இவள்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாமே என்று என் கொழுந்தன் கேட்டார். தலைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கிறது, மயக்கம் கொடுத்தால் ஆபத்து, மயக்க டாக்டர் வேண்டாம் என்கிறார் என்றார்கள். மறுநாள் ஒரு தடவை முயற்சி செய்யலாம். அதுவும் கெட்டால் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு முடிவு எடுக்க வேண்டியதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். வலது கை சரியாகப் பிடிக்கவில்லை, இடது கையாலேயே மடித்தாள். என் கொழுந்தனுக்குத் தாங்கவில்லை.

"கொஞ்ச நேரம் சும்மா இருடி. ஒரு தடவ. எனக்காக ஒரே ஒரு தடவ சும்மா இரு."

"கட்டுன நாள்லேர்ந்து அதான் கேக்குற. இருந்தாத்தான் தர மாட்டனா?" என்றாள். சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யக்கா, நெசமாவே எனக்குத் தெரியலக்கா. எப்பிடி இருக்கறதுன்னு தெரியல."

தெரியாது என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தப் பலா மரம் ஞாபகம் வந்தது. ஒரு தடவை இருந்திருக்கிறாள். நான் பார்த்திருக்கிறேன்.

அது பல வருஷம் முன்னால். பலாப் பழம் பழுக்கிற காலம். காட்டோரத்தில் எங்கள் மரம். அவள் மேலே ஏறிப் பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்ச தூரத்தில் பாறை மேல் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பழம் விழுந்து வெடித்துக் கிடந்தது. அந்த வாசனைக்குக் கரடி வந்துவிட்டது. முதுகு மேல் குட்டி. குட்டி வைத்திருக்கிற கரடி என்றால் எங்கள் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. மூஞ்சியைத்தான் பிடிக்கும். மரமும் ஏறும்.

கத்தினால் என்னைப் பார்க்கும், இல்லை மேலே பார்க்கும். நான் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு, அவளைப் பார்த்து விரலை மட்டும் கீழே காட்டினேன். அவ்வளவுதான். அவள் மரத்தோடு மரமாகிவிட்டாள். கிளையைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைக் கிளையில் வைத்துக்கொண்டு. பலா மரத்தில் செவ்வெறும்பு கேட்க வேண்டுமா? கையிலும் கழுத்திலும் ஏறுவது எனக்கே தெரிகிறது. ஒரு விரல் அசையவில்லை. கரடி பழத்தை நிதானமாகத் தின்றது, குட்டிக்கு விட்டது, மூக்கைத் தூக்கி மோந்தது. அப்புறம் ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

போன பிறகும் அவள் அசையவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கிட்டே ஓடிப்போய், "போய்ட்சிடி. எறங்கு" என்று சொன்னேன். அப்புறம்தான் தலையைத் தூக்கினாள். உடம்பெல்லாம் தடிப்பு.

"அது எப்பவோ போய்ட்சே, பாக்கலியாடி நீ?"

"எனக்கு எல தான்க்கா தெரிஞ்சிது. கரடி உனக்குத்தான் தெரியும். நீ சொல்லட்டும்னு காத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

மறுநாள் ஸ்கேன் அறை வாசலில் நான் அந்தப் பெண்ணிடம் போய், "நான் உள்ள வரட்டா?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து நான் யாரிடமும் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. இரும்பு, தங்கம், வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்றது அந்தப் பெண். அவளுடைய தாலியையும் மெட்டியையும் கழற்றி என் கொழுந்தனின் கையில் கொடுத்தோம். அவர் அதை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கழற்ற ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் போனபோதே எல்லாம் கழற்றியாகிவிட்டது.

படுக்கவைத்து, கூண்டைப் போடுவதற்கு முன்னால் நான் குனிந்து அவள் காதில் சொன்னேன்.

"கரடி கீழ நிக்குது."

என்னையே பார்த்தாள். எனக்குப் பயம், சிரித்துவிடுவாளோ என்று. அவள் சிரிக்கவில்லை.

"எம்மாம் பெரிசு?"

"அன்னிக்கு வந்ததுதான்."

"குட்டி?"

"முதுகு மேல கீது."

கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அவள் காதில் பஞ்சை வைத்தது. படுக்கை உள்ளே போனது. நான் அவளுடைய இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெட்டி இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. சத்தம் ஆரம்பித்தது. தட தட என்று அடித்தது, நின்றது, கொஞ்சம் விட்டு வேறு மாதிரி அடித்தது. கட்டைவிரல் என் உள்ளங்கையில் ஒரு தடவை துடித்தது. அப்புறம் இல்லை. கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அந்த விரல் தூக்கத்தில்கூட நின்று நான் பார்த்ததில்லை. ஆடிவிடாதே ஆடிவிடாதே என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன், இன்னொரு பக்கம் ஒரு தடவை ஆடேன்டி என்றும் இருக்கிறது. உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா?

சத்தம் நின்றது. படுக்கை வெளியே வந்தது. "முடிஞ்சிதும்மா, எழுந்துக்கலாம்" என்றது அந்தப் பெண். இவள் எழவில்லை. "அம்மா? அம்மா!" என்று தோளைத் தட்டியது. பதறிப்போய் என்னைப் பார்த்தது.

"போய்ட்சிடி. எறங்கு" என்றேன்.

கண்ணைத் திறந்தாள். "ஜல்தியா சொல்ல மாட்டியா? எறும்பு பிடுங்கித் தின்னுட்சி" என்றாள்.

படம் ரொம்ப நல்லா வந்திருக்கு என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னது. நாங்களும் சிரித்தோம். என் கொழுந்தன் கான்டீனில் மூன்று டீ வாங்கி வந்தார். படம் நல்லா வந்தால் எல்லாம் நல்லா வந்த மாதிரி ஒரு எண்ணம். எங்களுக்கு என்ன தெரியும்? கலங்கின படமாக இருந்திருந்தால் டாக்டருக்கும் சந்தேகம் இருந்திருக்கும், எங்களுக்கும் ஒரு ஆசை இருந்திருக்கும். நல்லா வந்த படத்தில் கெட்டது நல்லாத் தெரிந்தது.

டாக்டர் விளக்குப் பெட்டியில் படத்தைக் காட்டினார். ஒரு ஓரத்தில் வெளிச்சம் மாதிரி இருந்தது. இன்னொரு படத்தில் அதே இடம் கறுப்பாக இருந்தது. இரண்டும் சேர்ந்து அப்படி இருந்தால் தண்ணீர் நகரவில்லை என்று அர்த்தமாம்.

"ஜீப்பு ரொம்பிட்சா டாக்டரு?" என்று கேட்டாள் அவள்.

இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை. "முழுசா இல்லம்மா. இந்த ஓரத்துல நெரிசல் அதிகம். வேகமான ஜாதியா இருக்கும்னு சந்தேகப்படறேன். படத்த மட்டும் வெச்சு முடிவா சொல்லக் கூடாது. ஒரு துண்டு எடுத்து சோதனை பண்ணாத்தான் உறுதி. ஆனா தள்ளிப்போட வேணாம்."

"எறக்கிவுட முடியுமா? எல்லாரையும்?"

"முடிஞ்ச வரைக்கும் இறக்கறேன்."

"அப்ப காலு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மண்டையைத் திறந்து முடிந்தவரைக்கும் எடுத்தார்கள். எடுத்த துண்டும் படம் சொன்னதையேதான் சொன்னது. அதற்கு வகுப்பு மாதிரி நம்பர் போடுவார்களாம். நான் அஞ்சாவது வரை படித்தவள். அதற்கு மொத்தமே நாலுதானாம், இவளுக்கு வந்தது எல்லாவற்றிலும் மோசமான அந்த நாலு. வலது கால் போய்விட்டது. மிச்சக் கட்டியைக் கருக்க கரன்ட் வைத்தார்கள், தலைமுடி கொட்டியது. மலைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

வந்தவள் படுத்திருந்தாளா? வலது காலை இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இடது கையால் வாசல் பெருக்கினாள். நான் துடைப்பத்தைப் பிடுங்கினால், "நிக்கிற காலுக்குத்தான்க்கா வலி" என்றாள். காலே வராதபோதும் அதையேதான் சொன்னாள். அப்புறம் அதுவும் முடியவில்லை. பேச்சு குழறியது. அப்புறம் பேச்சு நின்றது. கண் மூடியே இருந்தது. இடது கால் கட்டைவிரல் மட்டும் ஆடியது.

கடைசி நாள் காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. என் கொழுந்தன் ஜீப்பைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்திவிட்டார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வருகிறார், வெளியே போகிறார்.

"அண்ணி, தூக்கு அண்ணி. கீழ இட்டுக்கினு போயிடலாம். இன்னொரு படம் எடுக்கச் சொல்லலாம். இன்னாவாச்சும் பண்ணச் சொல்லலாம் அண்ணி."

டாக்டர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார், இனி அலைக்க வேண்டாம் என்று. அது கொழுந்தனுக்கும் தெரியும்.  அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் என் கைக்குள் ஆடியது, விட்டு விட்டு ஆடியது. மூச்சு அப்படிக் கஷ்டப்படுகிறது, இவள் போக மாட்டேன் என்கிறாள். எதற்காக இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்த எனக்குச் சட்டென்று தோன்றியது. இவள் நான் சொல்லக் காத்துக்கொண்டிருக்கிறாளோ? இவளுக்கு இலைதானே தெரியும்.

சொல்ல மனசு வரவில்லை. சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் எறும்பு தின்னும்.

குனிந்து காதில் சொன்னேன். "போய்ட்சிடி. எறங்கு."

விரல் நின்றுவிட்டது.

இங்கேதான் எனக்கு ஞாபகம் சரியாக இல்லை. நான் சொன்ன பிறகு நின்றதா, நான் குனியும்போதே நின்றுவிட்டிருந்ததா? குனியும்போது கையைத் தளர்த்திவிட்டேன் போல இருக்கிறது. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடவை இப்படி வருகிறது, ஒரு தடவை அப்படி வருகிறது. என் கொழுந்தன் அப்போது கால்மாட்டில்தான் நின்றிருந்தார், விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பேச்சு எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

தண்ணீர்ப் படத்தைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருந்தால் படித்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். வெளிச்சம், கறுப்பு எது எது என்று மாற்றி எழுதியிருக்கலாம். அதோடு இதையும் யாராவது, அவருக்கு வலிக்காத மாதிரி, என் கொழுந்தனிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா?